விக்டோரியா நாளுக்கு முன்னும் பின்னும்: ரொறொன்ரோவில் எந்த விதையை எப்போது ஊன்றுவது

மே மாத நீண்ட வார இறுதி வந்துவிட்டால் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் பின்வளவுகளில் எல்லாம் மண்வெட்டிச் சத்தம்தான். கரட், மல்லி, பட்டாணி, வெண்டி, பாகல், தக்காளிக் கன்று என்று கையில் இருப்பது எல்லாம் ஒரே சனிக்கிழமையில் மண்ணுக்குள் போகும். பட்டாணிக்கும் மல்லிக்கும் அந்தத் திகதி ஒரு மாதம் பிந்தியது. வெண்டிக்கும் பாகலுக்கும் பத்து நாள் முந்தியது. அந்த நாளுக்கு ஏறக்குறையப் பொருந்துவது தக்காளியும் போஞ்சியும் மட்டும்தான்.

அந்த நீண்ட வார இறுதியைத் தரும் விக்டோரியா நாள் என்பது மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை. 2026இல் அது 18ஆம் திகதி, 2027இல் 24ஆம் திகதி. மே மாதத்தில் ஆறு நாள் என்பது மண்ணுக்குப் பெரிய வித்தியாசம். ஒரு மகாராணியின் பிறந்தநாளுக்கு வைத்த விடுமுறை அது, மண்ணின் சூட்டைப் பார்த்து வைத்ததல்ல.

"கடைசி உறைபனி நாள்" என்று அட்டவணைகளில் போட்டிருப்பதையும் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும். ரொறொன்ரோ பெரும்பாகத்தில் பல இடங்களுக்கு அது மே மாதத்தின் முதல் இரண்டு கிழமைகளுக்குள் வரும். ஆனால் அது சராசரி. ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு வருடம் அந்தத் திகதிக்குப் பிறகும் உறைபனி விழும் என்பதுதான் அதன் பொருள். ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களில், கட்டடங்கள் நெருங்கிய நகர நடுவில், உறைபனி முன்னதாகவே முடிந்துவிடும். வடக்கே போகப் போக, பள்ளமான வளவுகளில், பத்துப் பதினைந்து நாள் பிந்தும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வழிந்து தேங்கும். ஒரே தெருவில் மேட்டு வீட்டுத் தக்காளி தப்பி, கீழ் வீட்டுத் தக்காளி கறுத்துப்போவது அதனால்தான்.

வலய எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்கள் இடம் இத்தனையாம் வலயம், அப்போ எப்ப நடலாம்?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த எண் முக்கியமாகப் பல வருடம் நிற்கும் மரஞ்செடிகள் ஓர் இடத்துக் குளிர்காலத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்கு. ஆப்பிள் மரம் வாங்கும்போது பார்க்கலாம். வெண்டி ஊன்றும் நாளுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

பார்க்கவேண்டியது மண்ணின் சூடு. மண் வெப்பமானி தனியாக வாங்கத் தேவையில்லை, சமையலறையில் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானி 0 பாகையிலிருந்து காட்டினால் அதுவே போதும். காலை எட்டு மணியளவில், இரண்டு அங்குல ஆழத்தில் குத்தி, ஒரு நிமிடம் விட்டுப் பார்க்கவேண்டும். காலைச் சூடுதான் மண்ணின் உண்மையான சூடு. பின்னேரம் பார்த்தால் வெயில் ஏறிய மேல்மண் ஆசை காட்டும். மூன்று நாள் தொடர்ந்து அதே அளவு நின்றால் நம்பலாம்.

அதோடு ஈரத்தையும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். விழுந்து உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் நாலைந்து நாள் பொறுக்கவேண்டும். புதிதாகக் கட்டிய வீட்டுத்தொகுதிகளில் மேலே ஓரிரு அங்குலம் நல்ல மண், கீழே முழுக்கக் களி என்பது வழமை. அந்தக் களியை ஈரத்தோடு ஒருமுறை மிதித்துக் கொத்தினால், அந்தப் போகம் முழுக்கச் செங்கல்தான். ஏப்ரலில் பாத்தி கொத்தும் அவசரத்தில் கெடுத்த மண், ஜூலையில் கரட்டைக் கவர் கவராகப் பிளக்கவைத்துப் பழிதீர்க்கும்.

இனி முதல் சுற்று. காலைச் சூடு 5 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டினால் பட்டாணி, ஸ்பினாச், லெட்டியூஸ், முள்ளங்கி, வெங்காயக் குண்டு, கேல் எல்லாம் முளைக்கும். ஆனால் "முளைக்கும்" என்பதற்கும் "நேரத்துக்கு முளைக்கும்" என்பதற்கும் இடைவெளி பெரிது. பட்டாணி 5 பாகையில் வெளியே வர 36 நாள் எடுக்கும், 10 பாகையில் 13 அல்லது 14 நாள். கரட் 5 பாகையில் 50 நாளைத் தாண்டும், 10 பாகையில் 17 நாள், 15 பாகையில் 10 நாள். ஆகவே ஏப்ரல் முதல் கிழமையில் ஊன்றிய பட்டாணியும் இருபதாம் திகதி ஊன்றிய பட்டாணியும் அனேகமாக ஒன்றாகத்தான் தலைகாட்டும். முந்தி ஊன்றியதில் பாதி அழுகியும் இருக்கும். 8 பாகை வரும்வரை பொறுப்பது நல்லது. அது சாதாரணமாக ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் கடைசி வரை.

தெருவோரத்தில் பார்க்க ஓர் அடையாளம் உண்டு. இலை வருமுன் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் ஃபொர்சிதியா செடி பூத்தால் பட்டாணிக்கு நேரம் வந்துவிட்டது. புல்வெளியில் டான்டலியன் பூக்கத் தொடங்கினால் உருளைக்கிழங்குக்கு. லைலாக் முழுதாகப் பூத்தால் போஞ்சிக்கும் வெள்ளரிக்கும். செடிகளும் கூடிய சூட்டைக் கணக்கு வைத்துத்தான் பூக்கின்றன. வருடத்துக்கு வருடம் திகதி மாறும்போது அவையும் கூடவே மாறும். நாட்காட்டியால் அது முடியாது.

முந்தி ஊன்றுவதன் பயன் முளைப்பதில் மட்டுமல்ல. ஸ்பினாச் பகல் 14 மணித்தியாலத்தைத் தாண்டினால் இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டு எறியும். ரொறொன்ரோவில் அது ஏப்ரல் முடிவிலேயே தாண்டிவிடுகிறது. நீண்ட வார இறுதியில் விதைத்த ஸ்பினாச் ஐந்து இலையோடு பூக்கப் போவதற்கு விதைக் கடைக்காரர் பொறுப்பல்ல. கொத்தமல்லிக்கும் இதே கதை, சூடும் நீண்ட பகலும் சேர்ந்து ஜூனில் அதை மெலிந்த தண்டாக்கிவிடும். மல்லி இலை வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியில் ஊன்றிவிடவேண்டும், சின்ன உறைபனி அதை ஒன்றும் செய்யாது. கறிக்கு வாங்கிய முழு மல்லியே முளைக்கும். சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, அரை அங்குல ஆழத்தில் தூவினால் போதும். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி. ஜூன் நடுப்பகுதியோடு நிறுத்திவிட்டு, ஓகஸ்ட் நடுவில் திரும்பத் தொடங்கலாம். வெந்தயக் கீரையும் அப்படியே.

பட்டாணி ஒரு அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளி. குளிர் மண்ணில் ஊன்றுவதற்கு முன் ஊறப்போடாமல் விடுவது நல்லது, ஊறிய விதை சில்லிட்ட ஈரத்தில் வெடித்து அழுகும். 27 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் பூ உதிரும். அதனால் ஜூலைக்கு முன் காய்த்து முடிக்கவேண்டிய பயிர் அது.

கரட் கொஞ்சம் வில்லங்கமான விதை. கால் அங்குலத்துக்கு மேல் மண் போடக்கூடாது. மேலே மண் காயவும் கூடாது. களிமண் ஒருமுறை மழையில் நனைந்து காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டும். நூல் மாதிரி வரும் கரட் முளையால் அதை உடைக்க முடியாது. விதை கெட்டதென்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். இரண்டு வழி இருக்கிறது. விதைத்த வரியை மண்ணால் மூடாமல், சலித்த கொம்போஸ்ட்டால் அல்லது மணலால் மூடுவது ஒன்று. தண்ணீர் தெளித்து, வரியின்மேல் ஒரு பலகையையோ நனைத்த சாக்கையோ போட்டு மூடிவைப்பது மற்றது. பலகை போட்டால் எட்டாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்க்கவேண்டும். வெள்ளையாய் ஒரு முளை தெரிந்த உடனேயே எடுத்துவிடவேண்டும், ஒரு நாள் பிந்தினால் எல்லாம் நீண்டு வெளிறிச் சாய்ந்துவிடும். பலகை போடாத வரியில் நாலு அங்குலத்துக்கு ஒரு முள்ளங்கி விதை போட்டால், அது ஆறு நாளில் வந்து ஓட்டையும் உடைக்கும், வரி எங்கே என்றும் காட்டும்.

உருளைக்கிழங்கு ஏப்ரல் கடைசி, மே முதல் கிழமை. மேலே வந்த தளிர் உறைபனியில் கருகினாலும் கீழிருந்து திரும்ப வரும். பயம் வேண்டாம்.

இதற்கிடையில் ஏப்ரலில் நாலு நாள் 20 பாகை அடிக்கும். தோட்டக் கடைகள் மே முதல் கிழமையிலேயே தக்காளிக் கன்றுகளை வாசலில் அடுக்கிவைக்கும். வாங்கலாம், நடக்கூடாது. வாங்கிய கன்று வளர்ப்புக்கூடத்தில் கண்ணாடிக்குக் கீழே நின்றது. வீட்டில் யன்னலோரம் வளர்த்ததும் அதே நிலைதான். நேரே வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் இலையில் வெள்ளைக் கடுதாசி மாதிரித் திட்டுகள் விழும். அது நோயல்ல, வெயில் சுட்டது. மருந்தடித்துப் பயனில்லை. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, நாலாம் நாளிலிருந்து காலை வெயில், ஏழாம் நாளளவில் முழு வெயில். இரவில் 10 பாகைக்குக் கீழே போகாவிட்டால் மட்டும் வெளியே விடலாம். மொத்தம் ஏழிலிருந்து பத்து நாள். காற்றையும் மறக்கக்கூடாது. டெக்கில் மூலையில் ஒதுக்கிவைத்தே பழக்கிய கன்று, திறந்த பாத்தியில் நட்ட அன்றே காற்றில் முறியும்.

தக்காளி நடும்போது இரவு 10 பாகைக்கு மேலேயும் மண் 15 பாகையளவிலும் இருக்கட்டும். நெட்டையாகிப்போன கன்றை ஆழக் குழி தோண்டிப் புதைப்பதைவிட, ஆழமில்லாத வாய்க்கால் வெட்டிப் படுக்கப்போட்டு நுனியை மட்டும் நிமிர்த்திவிடுவது மே மாதத்துக்குப் பொருத்தம். சூடு மேல்மண்ணில்தான் இருக்கிறது. தண்டு முழுக்க வேர் விடும். நட்டபிறகு இலையின் கீழ்ப்பக்கம் ஊதா நிறமானால் பசளையை அள்ளிக் கொட்டாதீர்கள். குளிர் மண்ணில் வேரால் பொஸ்பரசை இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண் சூடேறப் பச்சை திரும்பிவிடும்.

நட்டபிறகு குளிர் வந்தால்? வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை ஏறத்தாழ நெஞ்சு உயரத்தில் அளந்தது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையோடு அது மூன்று நாலு பாகை குறையும். ஆகவே அறிக்கையில் 3 பாகை என்று போட்டு, வானமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால், அன்றிரவு மூடவேண்டும். அதே 3 பாகை, மேகமும் காற்றுமாக இருந்தால் படுத்துத் தூங்கலாம். மூடுவதற்குப் பழைய கட்டில் விரிப்பு, நூல் சேலை இரண்டும் நல்லவை. சூடு மண்ணிலிருந்துதான் மேலே வருகிறது. துணி நாலு பக்கமும் நிலத்தில் தொட்டு, ஓரத்தில் கல் வைத்திருக்கவேண்டும். தலையில் தொப்பி மாதிரிப் போட்டுத் தண்டோடு கட்டிவிட்டால் மண்ணின் சூடு வெளியே போய்விடும், கன்று விறைக்கும். பொலித்தீன் இலையில் தொட்டால் தொட்ட இடம் கருகும், தடி நட்டு உயர்த்தினால் மட்டும் போடலாம். பொழுது சாயுமுன் மூடி, காலை வெயில் விழுந்ததும் எடுக்கவேண்டும். அன்று பின்னேரம் மண்ணை நனைத்துவிட்டால் இன்னும் நல்லது, காய்ந்த மண்ணைவிட ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும்.

போஞ்சிக்கு 15, 16 பாகை. அதற்குக் கீழே ஊன்றினால் மண்ணுக்குள் புழு தின்னும். ஓர் ஈயின் வெள்ளைப் புழு, கால் அங்குலமளவுதான் இருக்கும். குளிர் மண்ணில் விதை இரண்டு கிழமை சும்மா கிடந்தால் அதற்கு விருந்து. அரைகுறையாக மக்கிய மாட்டெரு போட்ட பாத்தியில் அது இன்னும் கூட வரும். கிண்டிப் பார்த்து, பருப்பு குடையப்பட்டிருந்தால், அந்த வரியைக் கொத்திவிட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்ப ஊன்றுவதுதான் வழி.

இனி எங்கள் மரக்கறிகள். வெண்டிக்கு உள்ள கணக்கைப் பாருங்கள்: 15 பாகையில் முளைக்க 27 நாள், 20 பாகையில் 17, 25 பாகையில் 13, 30 பாகையில் 7. மே 18இல் நேரே மண்ணில் ஊன்றிவிட்டு ஜூன் 10 வரை வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மே முதல் கிழமையில் வீட்டுக்குள் கடுதாசிக் கோப்பைகளில் ஊன்றலாம். ஓர் இரவு ஊறவைத்து, கோப்பைக்கு இரண்டு விதை. ஜூன் முதல் கிழமையில், இரவு 13 பாகைக்குக் கீழே போகாத நேரத்தில், கோப்பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் இறக்கவேண்டும். வெண்டியின் ஆணிவேர் அசைந்தால் கன்று மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும். கறுப்புப் பொலித்தீனை மே நடுவிலேயே பாத்தியில் விரித்து, ஓரத்தை மண்ணால் அழுத்தி வைத்தால் மண் சில பாகை கூடும். நிறமில்லாத பொலித்தீன் அதைவிடச் சூடாக்கும், ஆனால் புல்லையும் சேர்த்து வளர்த்துத் தரும்.

பாகல், புடோல், சுரை எல்லாம் ஏப்ரல் கடைசிக் கிழமையில் உள்ளே. அதற்கு முன் தொடங்கினால் ஜூனுக்குள் யன்னல் திரையில் ஏறிவிடும். பாகல் விதையின் ஓடு கட்டி. நகவெட்டியால் கூர் நுனியில் மேல் ஓடு மட்டும் படும்படி சற்றே வெட்டி, ஒரு நாள் ஊறவைத்து, நனைத்துப் பிழிந்த சமையலறைக் கடுதாசியில் சுற்றி, ஒரு சிப் பையில் போட்டு, இன்ரநெட் பெட்டியின் மேலே வையுங்கள். வேண்டிய சூடு 27 முதல் 30 பாகை. வீட்டில் இரவும் பகலும் மெல்லிய சூட்டோடு இருக்கும் இடம் அதுதான். அரை அங்குலம் வேர் வந்ததும் வேர் கீழே பார்க்கக் கோப்பையில் வைக்கலாம். வெளியே போவது ஜூன் முதல் கிழமைக்குப் பிறகு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதே நாள், ஆனால் அவற்றை உள்ளே தொடங்கவேண்டியது பெப்ரவரி கடைசி, மார்ச் முதற்பாதி.

தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து ஜூன் தொடக்கத்தில் தூவி, கையால் அழுத்திவிட்டால் போதும். தூவாமல் வரியாகப் போடுவது இன்னும் நல்லது. இந்த நாட்டுக் களையிலும் ஒரு கீரை இனம் உண்டு, முளையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வரியில் வந்தது நீங்கள் போட்டது.

அவரைக்கும் சிறகவரைக்கும் மட்டும் எந்த நாளில் ஊன்றியும் பயனில்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடம் அளவுதான். ரொறொன்ரோவில் ஜூன் 21இல் 15 மணி 26 நிமிடம். ஊரிலிருந்து வந்த அவரை இரவு நீளும்வரை பூக்காது. இங்கே பகல் 12 மணி 40 நிமிடத்துக்கு இறங்குவது செப்டெம்பர் இரண்டாம் கிழமை. ஒக்டோபர் முதற்பகுதியில் உறைபனி. பந்தல் நிறையக் கொடி, பூ வந்த கையோடு எல்லாம் கறுத்துவிடும். முந்தி ஊன்றினால் கொடி இன்னும் நீளும், காய் வராது. பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் இன விதை கிடைத்தால் மட்டும் இடம் ஒதுக்குங்கள்.

ஓகஸ்டில் இரண்டாவது வாசல் திறக்கும். ஒக்டோபர் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும்: விதைப் பையில் போட்டிருக்கும் நாள் கணக்கோடு இரண்டு கிழமை கூட்டிக்கொள்ளுங்கள், செப்டெம்பர் வெயிலுக்கு வலு குறைவு. ஸ்பினாச், மல்லி ஓகஸ்ட் நடுவில், முள்ளங்கி செப்டெம்பர் முதல் கிழமை வரை. லெட்டியூஸ் விதை மட்டும் 30 பாகை மண்ணில் உறங்கிவிடும், பின்னேரம் நனைத்த மண்ணில் போட்டு நிழல் கட்டவேண்டும்.

கடைசியாக மண்ணுக்குள் போவது வெள்ளைப்பூடு. ஒக்டோபர் நடுவில், பல்லின் கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி, மேலே நாலைந்து அங்குலம் வைக்கோல். மண் உறையுமுன் வேர் பிடிக்கவேண்டும், தளிர் வெளியே வரக்கூடாது. கடையில் கறிக்கு வாங்கும் பூண்டு பெரும்பாலும் தூர இடத்து மென்தண்டு இனம். இங்கே விளைந்த வன்தண்டுப் பூண்டையே வாங்கி ஊன்றுங்கள். ஜூலை நடுவில் கீழ் இலை மூன்று நாலு காய்ந்ததும் கிண்டலாம். அன்றே அந்த வரியில் குற்றுப்போஞ்சி ஊன்றினால், உறைபனிக்கு முன் இரண்டு மூன்று முறை காய் பிடுங்கலாம்.